ஏழு கிளைகளும் ஓமென்றால்

குட்மேய்ஸ், லண்டன்
9 ஜூன் 2024

மெற்றில்டா,

மன்னிப்பில் தொடங்கினால் நீ மேற்கொண்டு வாசிக்கமாட்டாய். அதனால் செய்தியில் தொடங்குகிறேன். கொன்றைப்புலத்துக்கு ஒரு அம்புலன்ஸ் வரப்போகிறது.

எங்கள் ஊர்க்காரர் ஏழு இடத்தில் ஏழு ஒன்றியம் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, டொரொண்டோ, மெல்பேர்ண், பிறகு ஊரிலேயே ஒன்று. இருபது வருடமாக ஆளுக்கொரு பக்கம் இழுத்து, ஒரே வீதிக்கு இரண்டு நுழைவாயில் வளைவு கட்டியதுதான் மிச்சம். இந்த முறை ஏழும் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்தால் ஒன்றியத்துக்கு விதிகள் எழுதிய யாப்பு வேண்டும். மாமா, என் கணவர் றொஷானின் அப்பா குலசேகரம், லண்டன் கிளையின் தலைவர். கூட்டத்தில் எழும்பி, "எங்கட மருமகள் அரசறிவியல் படிச்சவள், அவள் எழுதுவாள்" என்றார். மடியில் ஐந்து மாதப் பிள்ளை. என்னை யார் கேட்டார்கள்?

எழுதத் தொடங்கியபோது கம்பஸில் நானும் நீயும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. பதின்மூன்று அமெரிக்க அரசுகள், ராஜாவை விரட்டிய கையோடு, இன்னொரு ராஜா வந்துவிடக்கூடாது என்று 1781இல் கட்டிய கூட்டு. வரி போட ஏலாது, படை திரட்ட ஏலாது, ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். "கையில்லாத அரசு" என்று நீ தலைப்பு வைத்தாய். எனக்கும் அது தோற்றுப்போகும் என்று தெரியும். ஆனால் இங்கே 'மையம்' என்ற சொல்லைச் சொன்னதும் எல்லாரும் கதிரையில் நிமிர்ந்துவிட்டார்கள். "மையம் கண்டு களைச்சுப்போய்த்தான் பிள்ளை இஞ்சை வந்திருக்கிறம்" என்றார் சூரிச்சிலிருந்து வந்தவர். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவர் எந்த மையங்களைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் அதிகாரத்தோடு இருக்கும். பெரிய முடிவு எதற்கும் ஏழும் ஓமென்று சம்மதிக்க வேண்டும். என்னை இணைப்பாளர் என்று போட்டிருக்கிறார்கள். யாப்பை இணைத்திருக்கிறேன். உன்னைவிட்டால் இதைப் பிழை பிடித்து வாசிக்க எனக்கு ஆளில்லை.

தாரகா


தாழைமுனை
15 ஜூன் 2024

தாரகா,

இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு யாப்பு அனுப்புகிற சிநேகிதி உலகத்தில் நீ ஒருத்திதான். வாழ்த்துகள்.

இனிப் பிழை. நான்காம் விதியில், 'ஊர் என்பது கொன்றைப்புலம் ஆலயத் திருவிழா உபயப் பட்டியலில் உள்ள குறிச்சிகள்' என்று எழுதியிருக்கிறாய். பத்து நாள் திருவிழா, நாளுக்கொரு குறிச்சி உபயம். எங்களுக்கு எத்தனையாம் திருவிழா, தாரகா? நாங்கள் அந்தோனியாருக்குக் கொடியேற்றுகிற ஆட்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வருமுன்னரும் உங்கள் கோயிலில் எங்களுக்கு ஒரு நாள் தந்ததாக நான் கேள்விப்படவில்லை. தாழைமுனையிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் ஏழு நிமிடம். கம்பஸுக்குப் போனது ஒரே பஸ்ஸில். கிராமசேவகரின் பதிவில் ஒரே ஊர். உன் யாப்பில் மட்டும் வேறு.

சண்டைக்காக எழுதவில்லை. என் தம்பியின் மனைவி ஜெஸ்ரினை உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு முதல்நாள் வந்து பூ கட்டித் தந்தவள். போன முறை எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி, இரத்தம் போய், பிள்ளை தங்கவில்லை. இப்போது நாலு மாதம். அடுத்த முறை ஏதும் என்றால் அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க வண்டி வெளியிலிருந்து வரவேண்டும். மழைக்கு, வீதி தாழ்ந்து கிடக்கிற தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம். அல்லது வராது.

நவம்பர் கடைசியில் நாள். கேள்வி ஒன்றுதான். உங்கள் வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வருமா, வராதா?

மெற்றில்டா


குட்மேய்ஸ்
30 ஜூன் 2024

மெற்றி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை அழித்து எழுதினேன். பிள்ளைக்குப் பல் வருகிறது. பத்து நிமிடத்துக்கொரு முறை எழும்புகிறாள். அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க நானும் எழும்புகிறேன். றொஷானுக்கு இரவு ஷிப்ட்.

யார் ஊர் என்று முடிவெடுக்க மூன்று கூட்டம் போனது. பிறந்தவர்களா? காணி உறுதி உள்ளவர்களா? வாக்காளர் பட்டியலா? அதில் இடம்பெயர்ந்து போனவர்களின் பெயர் பாதி இல்லை. ஒன்றைச் சொன்னால் ஒரு கிளை கிளம்பும். கடைசியில் யாரோ உபயப் பட்டியலைச் சொன்னார்கள். ஏழு கிளையும் அடிபடாத ஒரே பட்டியல் அது. எல்லாருக்கும் பசி வேறு. மண்டபத்தையும் பூட்ட வேண்டும்.

அந்தப் பட்டியலில் யார் இல்லை என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் தொடங்கினேன். அது பொய். யோசித்தேன். எழும்பிக் கேட்டேன்.

"அப்ப தாழைமுனை?"

செவன் கிங்ஸில் நாங்கள் கூடுகிற மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். வடையைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமாதான் பேசினார். "அவையளுக்கும் செய்யத்தான் வேணும், பிள்ளை. ஆர் மாட்டன் எண்டது? ஆனால் முதல் இதை ஒருக்கால் ஒப்பேத்துவம். இப்ப அதை இழுத்தியெண்டால் டொரொண்டோ எழும்பிப் போயிடும். பிறகு வண்டியும் இல்லை, ஒண்டும் இல்லை."

அதனால்தான் பதினோராம் விதி. 'ஊரெல்லைக்கு வெளியே உள்ள அயற்பகுதிகளுக்கு, அவசர வேளையில், எல்லாக் கிளைகளினதும் இசைவோடு வண்டி செல்லலாம்.' அதை நான் அடிபட்டு வாங்கினேன், மெற்றி. அது உங்களுக்கான கதவு. இரத்தம் போகிற ஒரு பெண்ணுக்கு யார் இல்லையென்று சொல்லப்போகிறார்கள்? வட்சப் குழுவில் போட்டால் ஒரு நிமிடத்தில் ஏழு ஓம் வரும்.

கூட்டு முதலில் உருவாக வேண்டும். உருவானால்தான் திருத்தலாம். அந்த அமெரிக்கர்களும் அப்படித்தானே செய்தார்கள்?

தாரகா


தாழைமுனை
4 ஜூலை 2024

தாரகா,

அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்கு உயர்தர வகுப்பில் அதைத்தான் படிப்பித்தேன். 1787, பிலடெல்பியா. 1781 கூட்டு செத்துக்கொண்டிருக்கிறது. சண்டை பிடித்த படைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, அரசுகள் ஒன்றோடொன்று முறுகுகின்றன. ஒரு மைய அரசு வேண்டும், கையுள்ள அரசு. யன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு கோடை முழுக்க இருந்து எழுதினார்கள். தெற்கு அரசுகள் எழும்பிப் போய்விடாமல் இருக்க ஒரு விட்டுக்கொடுப்பு. ஆசனங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணலாம்.

பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டாள். "ரீச்சர், அப்ப அந்த ஆக்களுக்கு அஞ்சில மூண்டு வோட் கிடைச்சதோ?"

"இல்லைப் பிள்ளை. அது அவைக்குக் குடுத்ததில்லை. அவையின்ர தலையை எண்ணி எசமான்மார் எடுத்தது."

மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தேன். பாரிஸில் இருக்கும் எங்கள் ஆட்களிடமும் அதைக் காட்டித்தான் காசு சேர்த்திருக்கிறீர்கள். '2,140 உயிர்களுக்கு ஒரு வண்டி.' கிராமசேவகரிடம் கேட்டேன். எங்களைக் கழித்தால் நீங்கள் 1,630.

ஐந்நூற்றுப் பத்துப் பேரை எண்ணுவதற்கு எடுத்தீர்கள். ஏற்றுவதற்கு எடுக்கவில்லை. கதவு என்று எழுதியிருக்கிறாய். பூட்டின் திறப்பு ஏழு பேரிடம் இருப்பதைக் கதவு என்று சொல்லக்கூடாது.

மெற்றில்டா


குட்மேய்ஸ்
22 செப்டெம்பர் 2024

மெற்றி,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. செய்துவிட்டு எழுதலாம் என்றுதான். நான்காம் விதிக்குத் திருத்தம் எழுதி ஏழு கிளைக்கும் அனுப்பினேன். தாழைமுனையும் ஊர் என்று ஒரே வரி.

பாரிஸ் அன்றைக்கே சம்மதித்தது. சூரிச், ஒஸ்லோ, மெல்பேர்ண் ஒவ்வொன்றாக ஓம். ஊர்க்கிளை, "வெளிநாட்டில இருக்கிறவை சரியெண்டால் எங்களுக்கும் சரி" என்று எழுதியது. டொரொண்டோ மட்டும், "இன்றைக்கு இவர்களைச் சேர்த்தால் நாளைக்கு அடுத்த குறிச்சியும் கேட்கும்" என்று பதில் போட்டது. 1782இல் ரோட் ஐலண்ட் ஒன்று மாட்டேன் என்றதால் மற்ற எல்லா அரசுகளின் வரித்திட்டமும் விழுந்ததை நாங்கள் எழுதினோமே. அதை வாசித்துச் சிரித்தோம். அவ்வளவு சின்ன அரசு என்று.

ஆனால் டொரொண்டோவைச் சொல்லி நான் தப்பக்கூடாது. லண்டனும் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. குசினியில் வைத்து மாமாவைக் கேட்டேன்.

"மாமா, நீங்களாவது ஓமெண்டு போடுங்கோவன்."

"டொரொண்டோ போடட்டும், நான் போடுறன்."

"அவை உங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம்."

"அப்ப இரண்டு பேரும் பாத்துக்கொண்டிருப்பம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன்ர சிநேகிதிக்காகவோ பிள்ளை இந்தச் சட்டமெல்லாம் எழுதிறாய்? ஆக்கள் அப்பிடித்தான் கதைக்கினம்" என்றார்.

இந்த வீட்டில் நான் சத்தம் போட்டுப் பேசிய நாள் இல்லை. அன்றைக்கும் பிள்ளையின் போத்தலைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

விடமாட்டேன். ஜெஸ்ரினுக்கு இப்போது எப்படி? கால் வீங்கியிருக்கிறதா? தலையிடி என்றால் உடனே காட்டச் சொல். எனக்குக் கடைசி மாதத்தில் அப்படித்தான் தொடங்கியது.

தாரகா


தாழைமுனை
20 ஒக்டோபர் 2024

தாரகா,

வண்டி வந்துவிட்டது. கோயிலடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெள்ளை நிறம். பக்கத்தில் ஏழு கிளையின் பெயரும். மேற்கு வீதியில்தான் நிற்கிறது. ஹோன் அடித்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

சாரதி ஜம்புநாதன் அண்ணை. முன்னர் மினிபஸ் ஓடியவர். நல்ல மனிதர். அதுதான் வில்லங்கமாகப் போனது. இரண்டாம் கிழமையே எங்கள் பக்கத்தில் ஒரு வயதானவருக்கு நெஞ்சுநோ என்றதும், யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மனிதர் பிழைத்தார். ஊர்க்கிளை ஜம்புநாதன் அண்ணையிடம் வண்டித் திறப்பை வாங்கி ஒரு கிழமை வைத்துக்கொண்டது. 'யாப்பை மீறினார்' என்று கடிதம். உன் பதினோராம் விதியை இலக்கம் போட்டு எழுதியிருந்தார்கள். எனக்குக் கொண்டுவந்து காட்டினார். "தங்கச்சி, இன்னொருக்கால் எண்டால் வேலை போயிடுமாம். இனி நான் கேட்டிட்டுத்தான் எடுக்கலாம். குறை நினையாதை" என்றார்.

ஜெஸ்ரினுக்குக் கால் வீங்கித்தான் இருக்கிறது. பிரஷர் குளிசை போடுகிறாள். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்கிறார்கள், கட்டில் கிடைத்தால். தம்பி கடலுக்குப் போகாமல் எத்தனை நாள் இருப்பான்?

திருத்தம் வேண்டாம். ஊராக்கவும் வேண்டாம். ஒரு பெயருக்கு, ஒரு மாதத்துக்கு, முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கித் தா. 'ஜெஸ்ரின் என்ற பெண்ணுக்குக் கேட்காமல் போகலாம்.' அதை ஜம்புநாதன் அண்ணையின் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறேன்.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

மெற்றில்டா


குட்மேய்ஸ்
3 நவம்பர் 2024

மெற்றி,

கேட்டேன். தனியாளுக்கு முன் அனுமதி கொடுக்க யாப்பில் இடமில்லையாம். அதற்கும் திருத்தம் வேண்டுமாம். ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் எடுப்பார்களாம். யாப்பை எழுதியவளுக்கு யாப்பில் இடமில்லை என்று சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். ஏழு கிளைத் தலைவருக்கும் தனித்தனியாக எழுதி, இப்படி ஒரு பெண் இருக்கிறாள், நவம்பரில் அழைப்பு வரும், உடனே ஓம் போடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எல்லாரும் சரியென்றார்கள். டொரொண்டோகூட, "அவசரம் வேற, அங்கத்துவம் வேற" என்று எழுதியது. ஜம்புநாதன் அண்ணையிடம் இணைப்பாளரின் இலக்கம் இருக்கிறது. போன் என் கையைவிட்டு இறங்காது.

நம்பு.

தாரகா


தாழைமுனை
24 நவம்பர் 2024

தாரகா,

செவ்வாய்க்கிழமை, 19ஆம் திகதி, பின்னேரம் ஆறு மணிக்கு ஜெஸ்ரின் இறந்துபோனாள். பெண்பிள்ளை. பிள்ளை இருக்கிறது.

வியாழக்கிழமை அடக்கம். ஒன்றியத்தின் மலர்வளையம் வந்தது. ஏழு கிளையின் பெயரும் ரிபனில் இருந்தது.

மூன்றே முக்காலிலிருந்து நாலரை வரைக்கும் வண்டி மேற்கு வீதியில் எஞ்சின் இரைய நின்றது. வீட்டில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். ஜம்புநாதன் அண்ணை லண்டனுக்குப் போன் எடுத்துக் கேட்டவராம். யாரைக் கேட்டார் என்று நான் கேட்டால் தலைகுனிகிறார்.

யாரைக் கேட்டார்?

மெற்றில்டா


குட்மேய்ஸ்
28 நவம்பர் 2024

மெற்றி,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் ஜெஸ்ரினின் முகம்.

குழுவில் செய்தி போடப்பட்டது. சில கிளைகள் உடனே பதில் போட்டன. சில போடவில்லை. அங்கே பின்னேரம் என்றால் டொரொண்டோவில் விடியவில்லை. நேர வித்தியாசத்தை யாரும் யோசிக்கவில்லை. எல்லாரும் உடைந்துபோயிருக்கிறார்கள். மாமா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. இது எங்கள் எல்லாருடைய பிழையும். இந்த அமைப்பின் பிழை.

குழந்தைக்கு என்ன பால் கொடுக்கிறீர்கள்? எடை எவ்வளவு? இங்கிருந்து எதையாவது அனுப்பவா? தயவுசெய்து எழுது.

தாரகா


தாழைமுனை
1 டிசம்பர் 2024

தாரகா,

'செய்தி போடப்பட்டது.' யார் போட்டது? கம்பஸில் உன் வசனங்களில் எப்போதும் ஆள் இருக்கும்.

நடந்ததை எழுதுகிறேன். நீ எழுதமாட்டாய் போலிருக்கிறது. தம்பி கடலில். நான் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு. மூன்று மணிக்கெல்லாம் தலையிடி என்று படுத்தவள், மூன்றரைக்கு எழும்பிக் கிணற்றடிக்குப் போக இரத்தம் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் மேற்கு வீதிக்கு ஓடினாள். அரசாங்க வண்டிக்கும் எடுத்தார்கள். தாம்போதியில் தண்ணீர், சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். உங்கள் வண்டி உயரமானது. தாம்போதியால் போயிருக்கும். அதற்காகத்தானே அந்த வண்டியை எடுத்தீர்கள்.

நான் வந்தபோது நாலரை. மீன் ஏற்றுகிற ஐஸ் லொறி ஒன்று கரையில் மீன் வாடியடியில் நின்றது. பெட்டிகளை இறக்கி, பலகை போட்டு, அவளைக் கிடத்தினோம். லொறிக்குள் நான் அவளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மச்சாள், குளிருது" என்றாள். ஐஸ் லொறிதானே என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

ஐந்தரைக்குப் பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் தாயும் இருந்திருப்பாள் என்று டொக்டர் சொன்னார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

எனக்கு அமைப்பு வேண்டாம். ஆள் வேண்டும். யாரைக் கேட்டார்?

மெற்றில்டா


குட்மேய்ஸ்
13 டிசம்பர் 2024

மெற்றில்டா,

என்னைத்தான் கேட்டார்.

காலை பத்தே கால். குட்மேய்ஸில் பிள்ளைகளை நிறுக்கிற இடத்தில் இருந்தேன். மகள் மிதுஷாவுக்கு ஒன்பது மாதப் பரிசோதனை, ஒரு மாதம் பிந்தி. உடுப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். போன் அடித்தது.

"தங்கச்சி, ஜம்புநாதன். அந்தத் தாழைமுனைப் பிள்ளைக்கு இரத்தம் போகுதாம். நான் ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு நிக்கிறன். வண்டியை எடுக்கவோ?"

எடுங்கோ என்றால் எடுத்திருப்பார். அவ்வளவுதான். ஒரு சொல். அவருக்கு ஏழு பேரின் அனுமதி தேவைப்படவில்லை, மெற்றி. பிறகு யாரும் திறப்பை வாங்கினால், 'தாரகா சொன்னவ' என்று சொல்ல ஒரு பெயர்தான் தேவைப்பட்டது.

"பொறுங்கோ அண்ணை, கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

குழுவில் போட்டேன். பாரிஸ் ஒரு நிமிடத்துக்குள் ஓம். பிறகு மெல்பேர்ண், சூரிச். ஒஸ்லோ பெருவிரலைத் தூக்கிய படம் போட்டது. அது ஓமா என்று திருப்பிக் கேட்டேன். கேட்டேன், மெற்றி. ஒரு பெண்ணுக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்க, பெருவிரல் ஓமா என்று கேட்டேன். ஊர்க்கிளை, 'மற்றக் கிளைகள் சொன்னால் சரி' என்று போட்டது. டொரொண்டோவில் காலை ஐந்தே கால். மாமாவுக்கு எடுத்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள் போல. "டொரொண்டோ என்ன சொல்லுது?" என்றார். "படுத்திருக்கினம் மாமா." "அவையை எழுப்பு பிள்ளை. நான் தனியச் சொல்லி நாளைக்குப் பிரச்சினை வரக்கூடாது."

டொரொண்டோவுக்கு எட்டு முறை எடுத்தேன். ஜம்புநாதன் அண்ணை இன்னும் இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் "இன்னும் கொஞ்சம் அண்ணை" என்றேன். நடுவில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனேன். தட்டில் வைத்தேன். எட்டு கிலோ நானூறு. பிள்ளையின் வளர்ச்சி எழுதுகிற சிவப்புப் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டி, "நன்றாக வளருகிறாள், கவலைப்படாதீர்கள்" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். நன்றி சொன்னேன்.

யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒருவர்கூட. ஏழு ஓமும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பதினொன்று ஐந்துக்கு டொரொண்டோ எழும்பி ஓம் போட்டது. உடனே லண்டனும் போட்டது. நீங்கள் அப்போது லொறியில்.

ஏன் என்று கேட்பாய். விதி என்று சொன்னால் பாதி. 'சிநேகிதிக்காகச் சட்டம் எழுதுகிறாள்' என்று மாமா சொன்னது காதில் நின்றது. நான் எடுங்கோ என்று சொல்லி, அங்கே ஒன்றுமில்லாமல் வெறும் வயிற்றுநோ என்று வந்திருந்தால், இந்த வீட்டில், அந்த மண்டபத்தில், என் முகத்தை எங்கே வைப்பது என்று யோசித்தேன். நான் எழுதியதை நானே மீறினேன் என்று வரக்கூடாது என்று யோசித்தேன். அந்த நேரத்தில் இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

போன ஞாயிறு மண்டபத்தில் எழும்பி இதைச் சொன்னேன். மாமா தலையைத் தூக்கவில்லை. சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "பிள்ளை, நீர் சரியாத்தான் செய்தனீர். விதிப்படி செய்தனீர்" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த தண்டனை அதுதான்.

புதிய யாப்பு நிறைவேறிவிட்டது. இரண்டு நாளில் ஏழு கிளையும் ஓம். தாழைமுனை எட்டாவது கிளை, முழு வாக்கு. பெரும்பான்மை போதும். அவசரத்தில் தனியாக முடிவெடுக்க ஒரு பொறுப்பாளர். உங்கள் பக்கத்தின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

தாரகா


தாழைமுனை
20 டிசம்பர் 2024

தாரகா,

அடக்கத்துக்கு அடுத்த நாளே எனக்குத் தெரியும். ஜம்புநாதன் அண்ணை படலைக்கு வெளியே நின்று போனை நீட்டினார். உள்ளே வரவில்லை. உன் இலக்கம் மூன்று இடத்தில் இருந்தது, நேரத்தோடு. தெரிந்துகொண்டுதான் கேட்டேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். சொல்லிவிட்டாய். சொல்லாமல் விட்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

புதிய யாப்பை ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். கிழித்தெறியச் சொன்னவர்கள்தான் கூடப் பேர். தம்பி பிள்ளையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றான். நான்தான் கையெழுத்து வைப்போம் என்றேன். தாழைமுனையில் இப்போது மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சி. ஒருத்திக்கு மாசியில் நாள். என் கோபத்துக்கு அவர்களை ஐஸ் லொறியில் ஏற்ற ஏலாது.

பதினோராம் விதியில் மட்டும் கை வைத்திருக்கிறோம். 'பொறுப்பாளர் தனியாக முடிவெடுக்கலாம்' என்று எழுதியிருந்தாய். அதை வெட்டிவிட்டு, 'சாரதி யாரையும் கேட்கத் தேவையில்லை' என்று போட்டிருக்கிறோம். மற்ற ஏழு கிளைக்கும் இன்றைக்கே அனுப்பிவிட்டேன். பெரும்பான்மை போதும் என்கிறீர்கள். நான்கு கிளையின் பதில் வந்துவிட்டது. எங்களோடு ஐந்து. உங்கள் லண்டனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதமாட்டேன்.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். ஒன்றிய அலுவல் என்றால் கீழே உள்ள முகவரிக்கு, பதவியைப் போட்டு எழுதவும். வரும் கடிதங்கள் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்,
தாழைமுனைக் கிளை